விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் படம் இழுக்கிறதா? ஜிபியு கார்டுக்கு முன்னும் பின்னும் உள்ள ஐந்து வழிகள்

அறுபது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் சர்வரில் ஓடும் விண்டோஸ் 11 டெஸ்க்டாப். எக்செல்லை ஸ்க்ரோல் செய்தால் இழுக்கிறது, டீம்ஸ் மீட்டிங்கில் முகங்கள் உறைந்து நிற்கின்றன. "ஜிபியு கார்டு (படம் வரைவதற்கென்றே உள்ள சிப் அட்டை) போட்டால் சரியாகிவிடும்" என்று விற்பனையாளர் கொட்டேஷன் அனுப்பிவிட்டார். இன்னோர் இடத்தில் பத்துப் பேர் கொண்ட டிசைன் பிரிவு. சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் பல பாகங்கள் சேர்ந்த அசெம்பிளியைச் சுழற்றினால் தாவித் தாவித்தான் திரும்புகிறது. இரு தரப்பும் கேட்பது ஒரே கேள்வி: கார்டு வாங்கலாமா? ஆனால் முதல் அலுவலகத்தின் புகார்களில் பெரும்பகுதி கார்டு வாங்காமலே தீர்ந்துவிடும். இரண்டாவது இடத்தில் கார்டு இல்லாமல் ஒன்றும் நடக்காது. எந்தக் கார்டு, எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் பணம் கரையும்.

## முதலில் அளந்து பாருங்கள்

சர்வரில் உருவாகும் ஒரு காட்சி உங்கள் திரைக்கு வர நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும். காட்சியை வரைவது, வரைந்ததை வீடியோவாகச் சுருக்குவது, நெட்வொர்க்கில் அனுப்புவது, பயனரின் கணினியில் விரித்துக் காட்டுவது. சர்வரில் போடும் ஜிபியு முதல் இரண்டு கட்டங்களை மட்டுமே தொடும். மூன்றாவதிலோ நான்காவதிலோ அடைப்பு இருந்தால் எத்தனை லட்சத்துக்குக் கார்டு வாங்கினாலும் படம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. ஆர்டிபி (விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் புரோட்டோகால்) வழியாக இணைபவர்கள், புகார் வரும் டெஸ்க்டாப்பில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைத் திறந்து 'ரிமோட்எஃப்எக்ஸ் கிராஃபிக்ஸ்' என்ற கவுன்ட்டர் தொகுப்பைச் சேருங்கள். (ஒரு ஜிபியுவைப் பல மெஷின்களுக்குப் பங்கிட்ட ரிமோட்எஃப்எக்ஸ் விஜிபியு என்ற வசதியையே மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் குறைகளால் 2020 ஜூலையில் முடக்கி, 2021 ஏப்ரலில் அடியோடு நீக்கிவிட்டது. பெயர் மட்டும் கவுன்ட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய கையேட்டைப் பார்த்து அந்த வசதியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.) அதில் பார்க்க வேண்டியவை:

- ஒரு வினாடியில் தவறவிட்ட ஃப்ரேம்கள் மூன்று தனிக் கணக்குகளாக இருக்கும்: சர்வர் வளம் போதாமல், நெட்வொர்க் போதாமல், கிளையன்ட் (பயனரின் கணினி) போதாமல். எது ஏறுகிறதோ அங்கேதான் நோய்.
- சராசரி என்கோடிங் நேரம், அதாவது ஒரு ஃப்ரேமைச் சுருக்க ஆகும் நேரம். 33 மில்லிவினாடியைத் தாண்டினால் வினாடிக்கு 30 ஃப்ரேம் கிடைக்க வழியே இல்லை.
- உள்ளே வரும் ஃப்ரேம், வெளியேறும் ஃப்ரேம். உள்ளே வருவதே குறைவாக இருந்தால் வரைவதில் சிக்கல். உள்ளே நிறைய வந்து வெளியே குறைந்தால் சுருக்குவதிலோ அனுப்புவதிலோ சிக்கல்.

மற்ற விர்ச்சுவல் டெஸ்க்டாப் மென்பொருள்களான சிட்ரிக்ஸுக்கும், 2024 முதல் ஆம்னிஸா என்ற நிறுவனத்தின் கீழ் வந்துவிட்ட ஹொரைஸனுக்கும் இதேபோன்ற சொந்தக் கருவிகள் உண்டு. எதில் பார்த்தாலும், புகார் வரும் அதே நேரத்தில், அதே பயனரின் செஷனில் பாருங்கள். சர்வர் ஆளில்லாமல் கிடக்கும் மதியம் மூன்று மணிக்கு எடுத்த அளவு எதற்கும் உதவாது.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து அளவுகோல்கள் போதும்.

1. வேலையின் தன்மை. அலுவலக மென்பொருளா, வீடியோவா, முப்பரிமாண மாடலா? ஓப்பன்ஜிஎல் (முப்பரிமாணப் படம் வரைவதற்கான தரநிலை) கேட்கும் மென்பொருள் இருந்தால் கேள்வி பாதி முடிந்தது: ஜிபியு இல்லாத ஆர்டிபி செஷனில் விண்டோஸ் தருவது ஓப்பன்ஜிஎல் 1.1 மட்டும். இன்றைய கேட் (கணினி வழி வடிவமைப்பு) மென்பொருள் பலவும் அதில் திறக்கவே மறுக்கும்.
2. ஒரு சர்வரில் எத்தனை பேரை அடைக்க வேண்டும்.
3. ஒரு பயனருக்கு மூன்று ஆண்டுச் செலவு. கார்டு விலை மட்டுமல்ல. லைசென்ஸ், மின்சாரம், குளிரூட்டல் எல்லாம் சேர்த்து.
4. பராமரிப்பு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை வேறு சர்வருக்கு நகர்த்த முடியுமா?
5. பயனருக்கும் சர்வருக்கும் இடையிலான தூரம். போய்வரும் நேரம் 150 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் கணக்கு. முப்பரிமாண வேலைக்கு அது போதாது. 50-ஐத் தாண்டினாலே மவுஸுக்குப் பின்னால் மாடல் நீந்தத் தொடங்கும்.

| வழி | பொருந்தும் வேலை | ஒரு சர்வரில் ஆள் அடர்த்தி | மறைந்திருக்கும் செலவு | நகர்த்தும் வசதி |
|---|---|---|---|---|
| கார்டு இல்லாமல் சீர்படுத்தல் | அலுவலகம், மீட்டிங் | அதிகம் | சிபியு, பழைய தின் கிளையன்ட் (மேசைமேல் வைக்கும் சிறு இணைப்புப் பெட்டி) மாற்றம் | முழுதும் உண்டு |
| விஜிபியு பங்கீடு | இரண்டு திரை அலுவலகம் முதல் நடுத்தர கேட் வரை | நடுத்தரம் முதல் அதிகம் | லைசென்ஸ், ராம் ஒதுக்கீடு, டிரைவர் பராமரிப்பு | பெரும்பாலும் உண்டு |
| முழுக் கார்டு ஒப்படைப்பு | கனமான மாடல், ரெண்டரிங் | மிகக் குறைவு | சும்மா கிடக்கும் கார்டு | இல்லை |
| கிளவுட் ஜிபியு | பருவகால, தற்காலிக வேலை | தேவைக்கேற்ப | அணைக்காத மெஷின், டிஸ்க், டேட்டா | வழங்குநர் பொறுப்பு |
| ரேக் ஒர்க்ஸ்டேஷன் | இரண்டு, மூன்று கனமான பயனர்கள் | ஒருவருக்கு ஒன்று | இடம், மாற்று இயந்திரம் | இல்லை |

## கார்டு இல்லாமல் சீர்படுத்தல்

ஜிபியு இல்லாத மெஷினில் விண்டோஸ் தன் ஜன்னல்களையும் பிரவுசரையும் சிபியுவை வைத்தே வரைகிறது. அதே சிபியுதான் திரையைச் சுருக்கவும் வேண்டும். எனவே இங்கே எல்லாம் சிபியு கணக்கு.

டீம்ஸ் ஓடும் விண்டோஸ் 11-க்கு 2 விசிபியு (மெஷினுக்கு ஒதுக்கும் மெய்நிகர் சிபியு) போதாது, 4 வேண்டும். பலர் ஒரே மெஷினைப் பகிரும் மல்டி செஷன் என்றால் மைக்ரோசாஃப்ட் தரும் தொடக்கக் கணக்கு இது: ஒரு விசிபியுவுக்கு லேசான பயனர் 6, நடுத்தரம் 4, கனம் 2, மிகக் கனம் 1. விஎம்வேரில் 'சிபியு ரெடி' (சிபியு கிடைக்க மெஷின் காத்திருக்கும் நேரம்) ஒரு விசிபியுவுக்கு 5 சதவீதத்தைத் தாண்டினால் சர்வரில் ஆள் கூடிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் விசிபியுவைக் கூட்டினால் நெரிசல்தான் மோசமாகும்.

அடுத்து சர்வரின் பயாஸைத் திறந்து பவர் புரொஃபைலைப் பாருங்கள். மின்சார சேமிப்பு நிலையில் கிடக்கும் சர்வர்கள் ஏராளம். ஹைப்பர்வைசரிலும் (விஎம்வேர் போல, விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) பயாஸிலும் இரண்டிலுமே 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' வைக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால் பலன் பாதி.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரிய லாபம் தருவது: வீடியோவைச் சர்வரில் ஓடவிடாதீர்கள். டீம்ஸுக்கான மீடியா ஆப்டிமைசேஷன், பிரவுசருக்கான மல்டிமீடியா ரீடைரக்‌ஷன் இரண்டும் வீடியோவைப் பயனரின் கணினிக்கே நேரடியாக அனுப்பி அங்கேயே விரிக்கச் செய்யும். சர்வர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடும். டீம்ஸின் 'அபவுட்' பகுதியில் மீடியா ஆப்டிமைஸ்டு என்று வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஒவ்வொரு மீட்டிங்கும் சர்வரின் சிபியுவைத் தின்றுகொண்டிருக்கிறது. இதற்கு விலை என்னவென்றால், மேசையிலிருக்கும் பெட்டிக்கு வீடியோ விரிக்கும் திறன் வேண்டும். பத்து ஆண்டுப் பழைய தின் கிளையன்ட்டில் இது எடுபடாது.

நான்காவது, புரோட்டோகால். ஆர்டிபி டிசிபியில் (தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்திருக்கும் முறை) மட்டும் ஓடினால் சிறிய பாக்கெட் இழப்புக்கே படம் திக்கும். ஃபயர்வாலில் யுடிபியைத் (காத்திருக்காமல் அனுப்பும் முறை) திறந்துவிடுங்கள்: சாதாரண ஆர்டிபிக்கு போர்ட் 3389, அஷூரின் உள் நெட்வொர்க் ஷார்ட்பாத்துக்கு 3390, பொது நெட்வொர்க்குக்கு 3478, ஹொரைஸனின் பிளாஸ்ட் புரோட்டோகாலுக்கு 8443, பிசிஓஐபி புரோட்டோகாலுக்கு 4172. விபிஎன்னுக்குள் போனால் யுடிபி போய்ச் சேருகிறதா என்று தனியே சோதியுங்கள்; பல விபிஎன்கள் அதை டிசிபிக்குள் சுருட்டி அனுப்பிவிடும். 1920×1080 திரையில் வினாடிக்கு 30 ஃப்ரேமுக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பது லேசான வேலைக்கு 1.5 எம்பிபிஎஸ், நடுத்தரத்துக்கு 3, கனத்துக்கு 5, மிகக் கனத்துக்கு 15. அறுபது பேரைக் கொண்டு பெருக்கிப் பார்த்தால் சில அலுவலகங்களின் நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

எழுத்து மங்கலாக, சிவப்பு எழுத்தின் ஓரம் கசிந்து தெரிகிறது என்ற புகார் தனி ரகம். வழக்கமான வீடியோ சுருக்கம் 4:2:0 என்ற முறையில் நிறத் தகவலைக் கால் பங்காகக் குறைத்துவிடுகிறது. குரூப் பாலிசியில் ரிமோட் செஷன் என்விரான்மென்ட்டின் கீழ் 'ஏவிசி 444' முறைக்கு முன்னுரிமை தரும் அமைப்பை இயக்கினால் எழுத்து துலங்கும். ஆனால் அது ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு வீடியோ ஓடைகளைச் சுருக்குகிறது. கார்டு இல்லாத சர்வரில் எல்லோருக்கும் இதைப் போட்டால் என்கோடிங் நேரம் எகிறும். எழுத்துத் துல்லியம் தேவைப்படும் பிரிவுக்கு மட்டும் போடுங்கள்.

அளவு எடுத்துப் பார்த்துவிட்டு, "30 ஃப்ரேமுக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறதே" என்று பலர் திகைப்பதுண்டு. அது ஆர்டிபியின் இயல்பான உச்சவரம்பு. ரெஜிஸ்ட்ரியில் டெர்மினல் சர்வர், வின்ஸ்டேஷன்ஸ் கீழ் 'டிடபிள்யூஎம்ஃப்ரேம்இன்டர்வல்' என்ற டிவேர்டை (எண் மதிப்பு) உருவாக்கி தசம எண் 15 கொடுத்து ரீபூட் செய்தால் 60 வரை போகும். கார்டு இல்லாத சர்வரில் இதைத் தொடாதீர்கள்.

## விஜிபியு: ஒரு கார்டைப் பலருக்குப் பங்கிடுவது

பெரிய எண்ணிக்கையில் கிராஃபிக்ஸ் தேவைப்படும் இடங்களில் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். கார்டின் மெமரி நிரந்தரமாகப் பிரித்துக் கொடுக்கப்படும். கணக்கிடும் திறன் மட்டும் நேரத் துண்டுகளாக மாறி மாறிக் கிடைக்கும். பக்கத்து பயனரின் மெமரி காலியாக இருந்தாலும் உங்களால் கடன் வாங்க முடியாது. உங்கள் பங்கு நிரம்பினால் மென்பொருள் விழும், அல்லது திரை கறுக்கும். ஆகவே புரொஃபைல் தேர்வுதான் பாதி வேலை.

என்விடியாவில் பி என்று முடியும் புரொஃபைல்கள் அலுவலக டெஸ்க்டாப்புக்கு, க்யூ என்று முடிபவை ஒர்க்ஸ்டேஷன் வேலைக்கு. முன்னால் வரும் எண் ஒருவருக்குக் கிடைக்கும் ஜிபி. சில கணக்குகள்:

- ஏ16: ஒரே அட்டையில் நான்கு சிறிய ஜிபியு, ஒவ்வொன்றுக்கும் 16 ஜிபி, மொத்தம் 64. 250 வாட். 1பி என்றால் 64 பேர், 2பி என்றால் 32 பேர்.
- எல்4: 24 ஜிபி, 72 வாட், தனி மின்வயர் தேவையில்லாத ஒற்றை ஸ்லாட் அட்டை. 2க்யூ என்றால் 12 பேர், 4க்யூ என்றால் 6 பேர்.
- எல்40எஸ்: 48 ஜிபி, 350 வாட். 8க்யூ என்றால் 6 பேர்.

ஏ16-ஐப் பார்த்து "64 ஜிபி இருக்கிறதே, கேட் பிரிவையும் இதிலேயே ஓட்டலாம்" என்று முடிவெடுப்பது அடிக்கடி நடக்கிறது. அந்த நான்கில் ஒவ்வொன்றிலும் இருப்பது 1,280 'கூடா' கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) மட்டும்தான். ஆள் எண்ணிக்கைக்காகச் செய்த அட்டை அது. ஒருவரின் கனமான அசெம்பிளியைத் தூக்காது. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஏஐக்காக வாங்கிய ஏ100, ஹெச்100 சும்மா இருக்கிறதே என்று டெஸ்க்டாப்புக்குத் திருப்பிவிடுவது. அவற்றில் வீடியோ சுருக்கும் என்கோடரே கிடையாது.

1 ஜிபியா 2 ஜிபியா என்ற தயக்கத்துக்கு என் பதில் 2. இரண்டு பெரிய திரை, பத்துப் பதினைந்து பிரவுசர் டேப், டீம்ஸ் என்று வந்துவிட்டால் 1 ஜிபி திணறும். 1 ஜிபியில் 64 பேர் என்று விற்பனையாளர் போடும் கணக்கு, மூன்றாவது மாதத்தில் 32 பேர் கணக்காக மாறும். அப்போது இரண்டாவது அட்டைக்கு ஸ்லாட் இருக்காது.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம்.

லைசென்ஸ் கார்டு விலையில் சேராது. ஒரே நேரத்தில் இணையும் பயனர் எண்ணிக்கைக்குத் தனியே வாங்க வேண்டும். லைசென்ஸ் சர்வரை எட்ட முடியாத மெஷின் பூட் ஆனவுடன் நன்றாகவே ஓடும். 20 நிமிடம் கழித்து 15 ஃப்ரேமுக்கு இறங்கும், 24 மணி நேரத்துக்குப் பின் 3 ஃப்ரேமுக்கு. "காலையில் நன்றாக இருந்தது, அரை மணியில் மந்தமாகிவிட்டது" என்று புகார் வந்தால் கார்டைச் சந்தேகிக்கும் முன் கிளையன்ட் டோக்கன் (லைசென்ஸ் சர்வரை அடையாளம் காட்டும்) கோப்பு மாஸ்டர் இமேஜில் (எல்லா மெஷின்களுக்கும் மூலப் பிரதி) இருக்கிறதா என்று பாருங்கள்.

விஜிபியு இணைத்த மெஷினுக்கு விஎம்வேரில் அதன் முழு ராமையும் ரிசர்வ் செய்தாக வேண்டும். 32 பேருக்கு 16 ஜிபி என்றால் 512 ஜிபி அப்படியே பூட்டப்பட்டுவிடும். மிகைப்படியாகப் பங்கிடும் வித்தை இங்கே செல்லாது. விஎம்வேரின் ஹைப்பர்வைசரான விஸ்பியரின் ஸ்டாண்டர்ட் பதிப்பில் இந்த வசதியே இல்லை. பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியபின் எல்லாம் சந்தா முறைக்குப் போனதால், பழைய பட்ஜெட் தாளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி பக்கம் இருப்பவர்களுக்கு விண்டோஸ் சர்வர் 2025-ல் ஜிபியு பார்ட்டிஷனிங் வந்திருக்கிறது, ஓடும் மெஷினை நகர்த்தவும் முடிகிறது. என்விடியா லைசென்ஸ் அங்கும் வேண்டும்.

பங்கீட்டு முறை இயல்பாக 'பெஸ்ட் எஃபர்ட்'. யாரும் இல்லாதபோது ஒருவருக்கே முழு வேகமும் கிடைக்கும். சோதனையில் இரண்டு பேர் அமர்ந்து "பறக்கிறது" என்று கையெழுத்திடுவார்கள். முப்பது பேர் வந்ததும் அதே இரண்டு பேர் திட்டுவார்கள். இந்த முறையில் பி புரொஃபைலுக்கு 45 ஃப்ரேம், க்யூவுக்கு 60 என்ற வரம்பும் இருக்கிறது. அளவெடுப்பில் 45-ல் முட்டி நின்றால் அது கோளாறு அல்ல. 'ஈக்வல் ஷேர்', 'ஃபிக்ஸ்டு ஷேர்' முறைகளுக்கு மாற்றினால் வேகம் சீராக இருக்கும், உச்சம் குறையும்.

கடைசியாக இரும்பு. இந்த அட்டைகளில் மின்விசிறி கிடையாது. சர்வரின் காற்றோட்டத்தையே நம்பியிருக்கின்றன. டவர் பெட்டியில் மாட்டினால் சில நிமிடங்களில் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏ16 கேட்பது 8 பின் சிபியு வகை மின்வயர், கேமிங் கார்டின் வயர் அல்ல. சர்வர் நிறுவனத்தின் ஜிபியு கிட்டைச் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள்.

லைசென்ஸ் கட்டணம் இல்லாத மாற்று வேண்டுமென்றால் இன்டெலின் ஃப்ளெக்ஸ் 140, 170 அட்டைகள் உண்டு. அலுவலக டெஸ்க்டாப்புக்குப் பரிசீலிக்கலாம். கேட் மென்பொருளுக்கு என்றால் அந்த நிறுவனத்தின் சான்றிதழ் பட்டியலில் அட்டை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

## முழுக் கார்டையும் ஒரு மெஷினுக்கே கொடுப்பது

பாஸ்த்ரூ, ஹைப்பர்-வி மொழியில் டிடிஏ. விண்டோஸ் சர்வர் 2016-லிருந்து இருக்கிறது. நேரடி இயந்திரத்துக்கு மிக அருகில் வரும் வேகம், எல்லா டிரைவர் வசதியும் கிடைக்கும். விலை: ஓடும் மெஷினை நகர்த்த முடியாது. சர்வரைப் பேட்ச் செய்ய வேண்டுமென்றால் அந்தப் பயனர் வேலையை நிறுத்தியே ஆக வேண்டும்.

ஜிஃபோர்ஸ் கார்டை வைத்து மிச்சம்பிடிக்கலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். 2021-ல் வந்த 465 வரிசை டிரைவரிலிருந்து விர்ச்சுவல் மெஷினில் அது வேலை செய்யும், விர்ச்சுவல் மெஷினைக் கண்டதும் டிரைவர் நின்றுவிடும் பழைய 'கோட் 43' தொல்லை போயிற்று. ஆனால் அந்த டிரைவரின் உரிம நிபந்தனை டேட்டா சென்டரில் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. வீட்டு லேபுக்குச் சரி; அலுவலகத்துக்கு வேண்டாம்.

பகலில் வடிவமைப்பு, இரவில் ரெண்டரிங் என்று கார்டு ஓயாமல் ஓடும் இடத்துக்கு இதுவே சிறந்தது. பகலில் நான்கு மணி நேரம் மட்டும் பயன்படும் இடத்தில் இது வீண்.

## கிளவுட் ஜிபியு

அஷூரின் என்வி ஏ10 வி5 வரிசையில் ஏ10 கார்டின் ஆறில் ஒரு பங்கிலிருந்து வாங்கலாம்: 6 விசிபியு, 55 ஜிபி ராம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரி. 12 விசிபியு எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு, 8 ஜிபி. என்விடியா லைசென்ஸ் வாடகையிலேயே சேர்ந்துவிடுகிறது என்பது பெரிய நிம்மதி. ஏஎம்டி கார்டில் ஓடும் பழைய என்வி வி4 வரிசைக்கு 2026 செப்டம்பரில் ஓய்வு அறிவிக்கப்பட்டிருப்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கணக்கு எளிது. மாதத்துக்குச் சுமார் 730 மணி நேரம். நாளுக்கு 9 மணி, 22 வேலை நாள் என்றால் 198 மணி. அணைத்து வைக்கும் ஒழுக்கம் இருந்தால் கம்ப்யூட் கட்டணம் 27 சதவீதம்தான். ஒழுக்கத்தை மனிதரிடம் எதிர்பார்க்காமல் ஆட்டோஸ்கேலில் எழுதிவிடுங்கள். விண்டோஸின் உள்ளே போய் 'ஷட் டவுன்' கொடுத்தால் மீட்டர் நிற்காது. போர்ட்டல் வழியே 'டீஅலோகேட்' (மெஷினை முழுதும் விடுவித்தல்) ஆக வேண்டும். அப்போதும் டிஸ்க் வாடகை ஓடும். புதிய கணக்கில் ஜிபியு கோட்டா பெரும்பாலும் பூஜ்யமாக இருக்கும். அனுமதி கேட்டு வாங்க நாளாகலாம் என்பதால் திட்டத்தின் முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். அருகிலுள்ள ரீஜியனில் அந்த வரிசை கிடைக்கிறதா என்பதை அதற்கும் முன்பே பாருங்கள். தொலைவான ரீஜியனைத் தேர்ந்தெடுத்துவிட்டு கார்டைப் பெரிதாக்கிப் பயனில்லை.

ஆறு மாதத் திட்டம், பயிற்சி வகுப்பு, திடீரென்று சேரும் ஒப்பந்த வடிவமைப்பாளர்கள் என்றால் கிளவுட். ஐந்தாண்டு நிலையான, நாள் முழுதும் ஓடும் குழு என்றால் சொந்த சர்வரின் பக்கமே கணக்கு சாயும்.

## ரேக் ஒர்க்ஸ்டேஷன்

கனமான பயனர்கள் மூன்றே பேர் என்றால் விர்ச்சுவல் மெஷினே வேண்டாம். ரேக்கில் மாட்டும் ஒர்க்ஸ்டேஷனை வாங்கி ரிமோட் புரோட்டோகால் வழியே இணைத்துவிடுங்கள். கேட் மென்பொருள் பெரும்பாலும் ஒற்றை கோரின் வேகத்தையே நம்பியிருக்கும், 2.1 கிகாஹெர்ட்ஸ் சர்வர் சிபியுவைவிட 5 கிகாஹெர்ட்ஸ் தொடும் ஒர்க்ஸ்டேஷன் சிபியு அதில் வெல்லும். விஜிபியு போட்டும் சாலிட்வொர்க்ஸ் வேகம் எடுக்காததற்கு முதல் சந்தேகம் சிபியு வேகத்தின் மேல்தான் விழ வேண்டும். சர்வரே வாங்குவதானாலும் 32 கோர் குறைந்த வேகத்தை விட்டு, 16 கோர் அதிவேகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

## வாங்குமுன் சோதனை

எந்தக் கார்டானாலும் கடனாக ஒன்றைக் கேட்டு வாங்கி, இறுதியில் அமர்த்தப்போகும் அதே எண்ணிக்கையில் ஆட்களை ஏற்றிச் சோதியுங்கள். பாதி ஆட்களோடு செய்த சோதனை 'பெஸ்ட் எஃபர்ட்' முறையில் பொய் சொல்லும். பயனர் தன் சொந்த வீட்டு இணைப்பிலிருந்தும் ஒரு நாள் வேலை செய்யட்டும்.

விஜிபியு டிரைவர் ஏறியதும் விஸ்பியரின் கன்சோல் திரை கறுத்துப்போகலாம். டெஸ்க்டாப் ஏஜென்ட்டையோ ஆர்டிபியையோ டிரைவருக்கு முன்பே தயாராக வைத்திருங்கள். பிறகு அந்த செஷனுக்குள் நுழைந்து ஈவென்ட் வியூவரில் ஆர்டிபிகோர்டிஎஸ் பதிவைத் திறங்கள்: 170 என்ற எண்ணுள்ள பதிவில் ஹார்ட்வேர் என்கோடர் 1 என்று இருந்தால்தான் கார்டு சுருக்கும் வேலையைச் செய்கிறது. 0 என்றால் குரூப் பாலிசியில் ஹார்ட்வேர் என்கோடிங்கும், ரிமோட் செஷன்களுக்கு ஹார்ட்வேர் கிராஃபிக்ஸ் அடாப்டரைப் பயன்படுத்தும் அமைப்பும் இயக்கப்படவில்லை. கார்டு வரைவதோடு நின்றுவிட்டது, சுருக்கும் பாரம் இன்னும் சிபியுவின் தலையில்தான்.